கீழ் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள யாழினிக்கு,

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு நீ அனுப்பிய ஒன்பது நிமிட வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். கீழ் வீட்டு அங்கிள் அசோசியேஷன் குரூப்பில் எல்லாரும் பார்க்கும்படி புகார் எழுதிவிட்டார். செகரட்டரி, "நாயை வேறு எங்காவது விட்டுவிடுங்கள்" என்கிறார். "நாய் குரைக்காமல் கச்சேரியா செய்யும்?" என்று நீ பதில் டைப் செய்து வைத்திருக்கிறாய். அனுப்பட்டுமா என்று கேட்கிறாய்.

அனுப்பாதே. நீ பேசிய ஒன்பது நிமிடத்தில் பாதி நேரம் உன் நாய் கடலையும் பின்னால் பேசிக்கொண்டிருந்தான். அது உன் காதில் ஏறவில்லை. எனக்குக் கேட்டது. கீழ் வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும்.

இதே விஷயத்தில் நான் ஒரு தடவை மூக்குடைபட்டவள். அதைச் சொல்கிறேன், கேள்.

1997-ல் எங்கள் வீட்டில் மணி இருந்தான். செவலை நாட்டுநாய். மாமா பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார், நான் தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் போய்விடுவேன். காலை ஒன்பது மணி முதல் சாயங்காலம் ஐந்தரை வரை பின்வராந்தாவில் அவன் மட்டும். எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். நைட் டியூட்டி முடிந்து எட்டரைக்கு வந்து படுப்பார். ஒருநாள் என்னை வாசலில் நிறுத்தி, "அக்கா, உங்க மணி பகல்ல ரொம்ப அழுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நாய்னா குலைக்கத்தாம்மா செய்யும். நாங்க இருக்கும்போது அவன் ஒரு சத்தம் போட மாட்டான்" என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. நாங்கள் இருக்கும்போது அவன் சத்தம் போட்டதேயில்லை. இல்லாதபோது என்ன செய்தான் என்று எங்களுக்குத் தெரிய வழியும் இல்லை. அந்தக் கணக்கை நான் அன்று போட்டுப் பார்க்கவில்லை. சிஸ்டர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் ஒருநாள் காலையில் பால் பையோடு கேட்டில் மடித்த காகிதம் செருகியிருந்தது. காலண்டரில் தினம் கிழிக்கிற தாள், ஆறு. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் சின்ன எழுத்தில் நேரம் குறித்திருந்தார். "9.10 – 9.35. பிறகு அமைதி. 11.50 தபால்காரர், 2 நிமிடம். 2.05 – 3.20 ஊளை." வார்டில் நோயாளியின் காய்ச்சலைக் குறிக்கிற மாதிரி. திட்டு ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். ஆட்டோவைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு ரேஷன் கடைச் சுவரோரம் நின்றேன். மணி இரண்டேகால். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த மணியின் குரல் இல்லை அது. ஒற்றைக் குரைப்பு, ஒரு இடைவெளி, இன்னொன்று, கடைசியில் மெலிந்து ஊளையாக இழுத்தது. கதவைத் திறந்தபோது அவன் மூக்கின் மேல் பச்சைப் பெயிண்ட் துகள் ஒட்டியிருந்தது. அடுப்படிக் கதவின் கீழ்ப்பக்கம் நகத்தால் சுரண்டி வெள்ளைக் கட்டை தெரிந்தது. கரையான் என்று நாங்கள் மருந்து அடித்துக்கொண்டிருந்த இடம் அது.

உனக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதற்குள் இருக்கிறது யாழினி. ஆளில்லாத வீட்டில் நாய் என்ன செய்கிறது என்பது வளர்ப்பவருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவர் கோபமாகச் சொல்லலாம், குரூப்பில் போட்டு மானத்தை வாங்கலாம். ஆனாலும் உன் நாயைப் பற்றி உனக்குக் கிடைக்காத செய்தி அவரிடம் இருக்கிறது. முதலில் அதைக் கேட்டு வாங்கு.

நாளைக் காலை காபி நேரம் கழிந்து நீயே இறங்கிப் போ. கடலையைக் கூட்டிப் போகாதே. போனையும் மேலேயே வைத்துவிடு. "சிரமமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க அங்கிள், எந்த நேரத்துல, எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேள். "தெருநாயெல்லாம் குரைக்குதே", "உங்க பேரன் ஓடுறது எங்களுக்குக் கேக்கலையா" என்பதெல்லாம் வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடு. அவர் வீட்டில் படுக்கையில் யாராவது இருக்கலாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கலாம். அது தெரிந்தால் எந்த நேரத்தை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். "பதினைந்து நாள் கொடுங்க, என்ன செஞ்சேன்னு நானே வந்து சொல்றேன்" என்று சொல்லி உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வா. அடுத்த தடவை குரூப்புக்கு எழுதுவதற்கு முன் உனக்குப் போன் செய்வார்.

எனக்கு வாய்க்காத வசதி ஒன்று உனக்கு இருக்கிறது. பழைய போன் ஒன்றை ரெக்கார்டிங்கில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போ. மூன்று நாள் செய். ஓட்டிக் கேட்டால் லிஃப்ட் கதவு, கொரியர் பையன், குக்கர் விசில் எல்லாம் கேட்கும். எதற்கு அடுத்து அவன் குரைக்கிறான், எத்தனை நிமிடத்தில் நிறுத்துகிறான் என்று அங்கிள் சொன்ன நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வை.

குரைப்பில் வகை உண்டு. காவல் குரைப்பு கனத்த குரலில், அடுத்தடுத்து வேகமாக வரும். வந்தவர் போனதும் நின்றுவிடும். தனிமைக் குரைப்பு குரல் உயர்ந்து, இடைவெளி விட்டு விட்டு வரும், ஊளையில் முடியும். பெரும்பாலும் நீ கிளம்பிய அரைமணிக்குள் தொடங்கிவிடும். ஹங்கேரியில் பீட்டர் பொங்ராட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு, அந்நாட்டு மூடி இன நாய்கள் பல சூழ்நிலைகளில் குரைத்ததைப் பதிவுசெய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டியது. எது அந்நியரைப் பார்த்துக் குரைத்தது, எது தனியே கட்டிப்போட்டபோது குரைத்தது என்பதை அவர்கள் குருட்டாம்போக்கைவிட நன்றாகவே பிரித்துச் சொன்னார்கள். 2005-ல் வெளிவந்த அந்த ஆய்வில் நாயே வளர்க்காதவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். சிஸ்டர் நாய் வளர்த்தவர் இல்லை. ஆனாலும் முதல் நாளே "அழுதான்" என்றாரே தவிர "குலைக்கான்" என்று சொல்லவில்லை. நான்தான் அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டேன்.

வகை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

காவல் குரைப்பு என்றால் அவனைக் குற்றம் சொல்லாதே. நம் ஊர்த் தோட்டங்களில் குரைப்பதற்காகத்தான் நாயை வைத்திருந்தோம். ராஜபாளையமும் கோம்பையும் பேர் வாங்கியது காவலுக்கு. வயலில் கூலி கிடைத்த அதே வேலைக்கு அடுக்குமாடியில் புகார் கிடைக்கிறது, அவ்வளவுதான். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். ஒன்றுமே இல்லாததற்குக் குரைக்கிறான் என்று நீ நினைக்கும்போது அவனுக்கு ஏதோ கேட்டிருக்கலாம். காரிடார் பக்கத்துக் கிரில் கதவை மூடிவை. ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டு. அவன் படுக்கையை உள்ளறைக்கு மாற்றி ஃபேனை ஓடவிட்டால் வெளிச்சத்தம் பாதி அடங்கும். காலிங் பெல்தான் காரணம் என்றால், உன் தோழியை வெளியே நின்று பெல் அடிக்கச் சொல். பெல் அடித்த நொடியில் நீ அவன் பாயில் அவித்த கோழித் துண்டைப் போடு. தினம் பத்து தடவை செய்தால், சில வாரத்தில் பெல் சத்தம் கேட்டதும் கதவுக்கு ஓடாமல் பாய்க்கு ஓடுவான். "ஏய், சும்மா இரு!" என்று கத்தாதே. நீயும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான்.

சலிப்பால் வரும் குரைப்புக்கு மருந்து நடை. நாட்டுநாய்க்கு மொட்டைமாடியில் இரண்டு சுற்று போதாது. காலை ஐந்தரைக்கு, தார் சூடாகும் முன்னே, முக்கால் மணி நேரம் கூட்டிப் போ. அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடு, அதிலும் அவனுக்கு நன்றாகக் களைப்பு வரும். கிளம்பும்போது உள்ளே குடைவுள்ள ரப்பர் பொம்மையில் உப்பு, தாளிப்பு, வெங்காயம் எதுவும் இல்லாத தயிர்சாதத்தை அடைத்து, முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்ததைக் கொடு. நக்கி முடிக்க நேரம் பிடிக்கும். கேட்டு வாங்குவதற்காக உன் முகத்தைப் பார்த்துக் குரைக்கிறான் என்றால், நிறுத்தும் வரை திரும்பிக்கூடப் பார்க்காதே. நிறுத்திய பிறகு கொடு. ஒருநாள் கொடுத்து ஒருநாள் மறுத்தால் பழக்கம் இன்னும் இறுகும்.

தனிமைப் பயம்தான் கஷ்டம், அதற்குப் பொறுமை வேண்டும். சாவியை எடு, கீழே வை, உட்கார். செருப்பைப் போடு, கழற்று. நீ கிளம்பும் அடையாளங்கள் அவனுக்குச் சாதாரணமாக வேண்டும். பிறகு கதவுக்கு வெளியே ஒரு நிமிடம், மறுநாள் மூன்று, அப்புறம் ஐந்து. அவன் பதறத் தொடங்குவதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் இதில் சூட்சுமம். பழகுகிற வரை பகலில் நீண்ட நேரம் தனியே விடாமல் இருக்க ஏற்பாடு செய். உன் தோழியும் நீயும் வீட்டிலிருந்து வேலைசெய்யும் நாளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நான் மணியை மத்தியானங்களில் ரேஷன் கடை ஆச்சி வீட்டுத் திண்ணையில் விட்டேன். குரைப்பு திடீரென்று தொடங்கியதென்றால் வலியோ காதுக்கோளாறோ இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டு. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருக்கிறாய்.

குறுக்கு வழி சொல்ல ஆள் வருவார்கள். வாய்ப்பூட்டைப் போட்டுவிட்டு ஆபீஸ் போகாதே. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, சென்னை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. ஷாக் கொடுக்கிற பட்டை வேண்டாம். பயத்தில் குரைக்கிறவனுக்கு இன்னொரு பயத்தைக் கட்டிவிடுவது அது. பால்கனியில் கட்டிப்போட்டால் சத்தம் தெரு முழுக்கப் போகும்.

செகரட்டரி சொன்னதற்கு வருகிறேன். நீ பயந்திருக்கிறாய் என்று குரலிலேயே தெரிந்தது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மெஜாரிட்டி ஓட்டு எடுத்தாலும் அசோசியேஷன் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது. குரைப்பதைக் காரணம் காட்டியும் விரட்ட முடியாது. லிஃப்டையும் மறுக்கக் கூடாது. பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர், வேளச்சேரியில் இருக்கும் உனக்குப் பக்கத்திலேயே கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி. வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

அதே வழிகாட்டுதல், ஓயாத குரைப்பு அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, முக்கியமாக இரவில் நாயை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று உனக்கும் சொல்கிறது. ஒலி மாசு விதிகளின் கணக்கில் இரவு 10 முதல் காலை 6 வரை இரவு, குடியிருப்புப் பகுதிக்கு அப்போது வரம்பு 45 டெசிபல். கிட்டே நின்று நாய் குரைத்தால் 80-ஐச் சாதாரணமாகத் தாண்டும். மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்கட்டும். வீட்டு ஓனரோடு போட்ட வாடகை ஒப்பந்தத்தில் பிராணிகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை வாசித்துவிடு, அது தனிக் கதை. இதையெல்லாம் கீழே போகும்போது சொல்லாதே, வைத்துக்கொள். சட்டத்தைக் காட்டி நீ அந்த வீட்டில் இருந்துவிடலாம், ஆனால் படிக்கட்டில் எதிரே வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்.

ஒருவேளை ரெக்கார்டிங்கில் கடலை சும்மா இருந்து, தெருநாய்தான் கத்தியிருந்தால்? அதையும் குரூப்பில் போடாதே. அங்கிளிடம் உட்கார்ந்து போட்டுக் காட்டு. தேதியும் நேரமும் எழுதியிருந்தால் அவரே கேட்டுக்கொள்வார். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் அசோசியேஷனுக்கு எழுத்தில் கொடு.

மணி சரியாவதற்கு ஐந்து வாரம் ஆனது. வாரத்துக்கு ஒருநாள் சிஸ்டர் காலண்டர் தாளைப் பால் பையோடு செருகிவிடுவார், நான் சாயங்காலம் அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவேன். நிமிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியாக வந்த தாளின் பின்பக்கம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. தவறி வந்துவிட்டதோ என்று முன்பக்கம் திருப்பினேன். தேதி, ராகு காலம், எமகண்டம், அவ்வளவுதான். சிஸ்டர் அன்றைக்கு முழுசாகத் தூங்கியிருக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

அன்புடன்,
அத்தை