முதலைத் தின்னாத மேய்ச்சல்

இலாபத்தில் செலவு செய்கிற வியாபாரி நிலைத்து நிற்பான்; முதலில் கை வைப்பவன் ஒரு நாள் கடையை மூடுவான். நிலத்தின் கணக்கும் இதுவே. தமிழகத்தில் பூர்வீக நிலத்தை விட்டு வந்து, கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாணிபம் செய்யும் அன்பர்கள் இதைக் கவனித்தல் நலம்.

புல்லுக்கு இலை வருமானம், வேர் முதல். மாடு இலையைக் கடித்ததும், அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே புல் மறுபடி துளிர்க்கிறது. அது நிமிருமுன் மீண்டும் மேயவிட்டால் வேர் சுருங்கும், மண் வெறுமையாகும், மேல்மண்ணை மழை கரைத்துக்கொண்டு போகும். ஆகவே, மாடு எத்தனை என்பதைவிட, நிலம் எத்தனை நாள் ஓய்ந்தது என்பதே பெரிது. பிரான்சு நாட்டு ஆந்திரே வுவாசன் 1957இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியதும் இதுதான்.

நம் குடியானவர்கள் இதை அனுபவத்திலேயே கண்டவர்கள். காங்கேயம் வட்டாரத்தில் 'கொறங்காடு' என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். ஒரு காட்டில் மேய்த்தபின் மாடுகளை அடுத்த காட்டிற்கு மாற்றி, முதற்காட்டிற்கு ஓய்வு கொடுப்பார்கள்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையுடன் தஞ்சைத் தரணிக்குச் செல்வார்கள். அறுவடையான வயலில் இரவில் கிடை போடுவார்கள். பட்டியை இடம் மாற்றிக்கொண்டே போவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுதும் பரவலாக விழும். உரம் கிடைத்ததற்கு நிலக்காரர் கீதாரிக்குக் கூலி தருவார். இருவருக்கும் ஆதாயமுள்ள வியாபாரம் அது!

மலேசியாவிலும் இம்முறை உண்டு. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிப முறையில் தொடங்கிய செம்பனைப் பயிர் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. சில தோட்டங்களில் மின்வேலி கட்டி, பகுதி பகுதியாக மாடு மேய்க்கிறார்கள். களைக்கொல்லிச் செலவு குறைகிறது. சாணமும் மண்ணுக்குச் சேர்கிறது. ஆனால் இளங்கன்றுள்ள இடத்தில் மாட்டை விட்டால் குருத்தைத் தின்றுவிடும். ஈரத்தில் ஒரே இடத்தில் நெடுநாள் நிறுத்தினால் மண் மிதிபட்டு இறுகிவிடும்.

ஆதலால் ஊர் நிலத்தை மேய்ச்சலுக்குக் குத்தகை விடும்போது தொகையை மட்டும் பேசாதீர்கள். ஓராண்டுக் குத்தகைக்காரன் ஒட்ட மேய்த்துவிட்டுப் போவான். அவனுக்கு அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலையில்லை. சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் குத்தகை கொடுங்கள். நிலத்தை நான்கைந்து பகுதிகளாக்கி மாற்றி மாற்றி மேய்க்க வேண்டுமென்று எழுதி வாங்குங்கள். குத்தகைப் பணம் சிறிது குறைந்தாலும், முதல் குறையாது.