மாட்டினங்களை ஒப்பிடுவது எவ்வாறு?

சந்தையில் மாடு பிடிக்கச் செல்வோர் முதலிற் பார்ப்பவை நிறம், கொம்பு, திமில், சுழி ஆகியவை. அடுத்து, விற்பவரின் வாய்ச்சொல்லைக் கேட்கின்றனர். இன்ன இனம் இவ்வளவு வளரும், இன்ன இனம் இவ்வளவு கறக்கும் என்று அவர் கூறும் கணக்கு எங்கே, எந்தத் தீனியில், எத்தனை மாடுகளை வைத்து எடுக்கப்பட்டது என்று வினவுவோர் மிகச் சிலரே. சங்கத்திற் பெற்ற கடனைக் கொண்டு வாங்கிய மாடு எதிர்பார்த்த பலனைத் தராவிடில், தவணை கட்டும் நாளில் அதன் வலி தெரியும். ஊருக்கு ஒரு பொலிகாளையைத் தவறாகத் தெரிந்தெடுத்துவிட்டாலோ, அத்தவறு பல ஆண்டுகள் பல வீட்டுத் தொழுவங்களில் தங்கிவிடும். ஆதலின், இனங்களை ஒப்பிடும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிதல் நலம்.

நாற்பதாம் நம்பர் நூலில் நெய்த சேலையையும் எண்பதாம் நம்பர் நூலில் நெய்த சேலையையும் தராசிலிட்டு, கனத்ததே நல்ல சேலை என்று எந்த நெசவாளரும் கூறார். நம்பரும் நீளமும் அகலமும் ஒத்திருந்தாலன்றி எடையை ஒப்பிடுவதிற் பொருளில்லை. மாடுகளுக்கும் இவ்விதியே பொருந்தும். இவ்விதியை விரிவாகக் கையாண்டவர்கள் அயல்நாடுகளில் இறைச்சிக்கென மாடு வளர்ப்போர். நம் அங்கத்தினர் பாலுக்கும் உழவுக்கும் மாடு வைத்திருப்பவராயினும், அவர்களுடைய முறை நமக்கும் பயன்படும்.

நெப்ராஸ்காவில் நடந்த ஆராய்ச்சி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டர் என்னும் ஊரின் அருகே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையின் வெடிமருந்துக் கிடங்காயிருந்த நிலம் ஏறத்தாழ 35,000 ஏக்கர் உண்டு. அங்கே 1964இல் இறைச்சிக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பல நாட்டு இனங்களை ஒப்பிடும் திட்டம் 1969இல் அந்நிலையத்தில் தொடங்கியது.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஹெரிபோர்டு, ஆங்கஸ் என்னும் இரு இனப் பசுக்களைத் தாய்களாக வைத்துக்கொண்டனர். வெவ்வேறு இனப் பொலிகாளைகளின் விந்தைச் செயற்கை முறையில் அப்பசுக்களுக்குச் செலுத்தினர். பிறந்த கன்றுகள் அனைத்தையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே தீனியில் வளர்த்தனர். தாயும் இடமும் தீனியும் ஒன்றாயிருக்கவே, கன்றுகளிடையே காணும் வேற்றுமை தந்தையின் இனத்தால் வந்தது என்று கொள்ள முடிந்தது. ஓர் இனத்துக்கு ஒரே காளை என்றில்லாமல் பல காளைகளைப் பயன்படுத்தினர். ஓர் இனத்துக்குள்ளேயே காளைக்குக் காளை வேற்றுமை மிகுதி; ஒரு காளையைக் கொண்டு இனம் முழுவதையும் மதிப்பிட்டால் கணக்குப் பிழைபடும்.

கண்டவை யாவை?

எல்லாவற்றிலும் சிறந்த இனம் என ஒன்று அகப்படவில்லை. பிரான்சு நாட்டுச் சாரோலே, சுவிட்சர்லாந்தின் சிம்மெண்டால் ஆகியவற்றின் கன்றுகள் விரைந்து வளர்ந்தன. கொழுப்புக் குறைந்து சதை மிகுந்திருந்தன. ஆனால் பிறக்கும்போதே அவை கனமாயிருந்தமையால், தாய்ப்பசுக்கள் ஈனுவதில் இடர்ப்பட்டன. ஜெர்சிக் கன்றுகள் எளிதிற் பிறந்தன, கிடேரிகள் விரைவிற் பருவமடைந்தன; உடல் மட்டும் சிறுத்திருந்தது. ஆக, ஒரு குணத்தில் பெற்ற ஆதாயத்துக்கு மற்றொரு குணத்தில் விலை கொடுக்க நேர்ந்தது.

நம் நாட்டு மாடுகளும் அவ்வொப்பீட்டில் இடம் பெற்றன. ஓங்கோல், கிர், காங்கிரேஜ் முதலியவற்றிலிருந்து அமெரிக்காவில் உருவான பிராமன் இனமும், சாகிவாலும், பின்னர் நெல்லூர் என அங்கே வழங்கும் ஓங்கோல் வழி இனமும் சோதிக்கப்பட்டன. பிராமன், சாகிவால் கலப்புப் பசுக்கள் எளிதில் ஈன்றன; கனத்த கன்றுகளை வளர்த்துத் தந்தன. அதே வேளையில், அவை பருவமடையக் காலதாமதமாயிற்று. அவற்றின் இறைச்சியும் மென்மை குறைந்திருந்தது. இறைச்சியை மென்மைப்படுத்தும் என்சைமின் செயலைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதம் இம்மாடுகளில் மிகுதியாயிருத்தல் இதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெரிந்தது.

இடம் மாறினால் வரிசையும் மாறும்

நெப்ராஸ்காவிற் கண்ட முடிவை எல்லா நாட்டுக்கும் பொருத்தலாகாது என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. அந்நாட்டின் குவின்ஸ்லாந்து பகுதி வெப்பமும் உண்ணித் தொல்லையும் மிகுந்தது. 1933இல் அமெரிக்காவிலிருந்து பிராமன் மாடுகள் அங்கே கொண்டுவரப்பட்டன. பிற்காலத்தில் ராக்ஹாம்டன் நகரின் அருகேயுள்ள பெல்மான்ட் நிலையத்தில், பிராமனையும் ஹெரிபோர்டு–ஷார்ட்ஹார்ன் கலப்பையும் பக்கத்திற் பக்கமாய் வைத்து ஆராய்ந்தனர். வெயிலும் உண்ணியும் புழுவும் உள்ள மேய்ச்சல் நிலத்தில் பிராமன் முந்தியது. அத்தொல்லைகளை நீக்கி நல்ல தீனியிட்டபோதோ, ஐரோப்பியக் கலப்பு முந்தியது. மாடுகள் அவையே, இடத்தின் தொல்லை நீங்கியதும் வரிசை தலைகீழாயிற்று. குளிர்நாட்டிற் பெற்ற பால் கணக்கைக் காட்டி ஒருவர் நம்மிடம் மாடு விற்க வரும்போது நினைக்க வேண்டியது இதுவே.

காலம் மாறினும் வரிசை மாறுகிறது. 1970களின் தொடக்கத்தில், சாரோலே போன்ற ஐரோப்பியப் பெருநில இனங்கள் ஆங்கஸ், ஹெரிபோர்டு ஆகிய பிரிட்டிஷ் இனங்களை வளர்ச்சியில் தெளிவாக முந்தின. 1999 முதல் பிறந்த கன்றுகளைக் கொண்டு அதே நிலையம் மீண்டும் ஒப்பிட்டபோது, அவ்விடைவெளி பெரிதும் குறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் பிரிட்டிஷ் இனங்களை வளர்ப்போர் எடைக்கணக்குப் பார்த்தே காளைகளைத் தெரிந்தெடுத்து வந்ததே இதற்குக் காரணம். முப்பதாண்டுக்கு முற்பட்ட புகழைக் கொண்டு இன்றைய மாட்டை மதிப்பிடலாகாது.

ஒரு சிறு கணக்கு

ஒரே தொழுவத்திலுங்கூடக் கன்றுகளின் வயது வேறுபடும். அதற்கு ஈடுசெய்ய, கன்றின் எடையை 205 நாள் எடையாக மாற்றும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. எடுத்துக்காட்டாக:

முதற் கன்று பிறந்தபோது 30 கிலோ. 240ஆம் நாளில் 198 கிலோ. வளர்ச்சி 168 கிலோ, நாளொன்றுக்கு 0.7 கிலோ. இதனை 205ஆற் பெருக்கிப் பிறப்பெடையைக் கூட்ட, 173.5 கிலோ.

இரண்டாம் கன்று பிறந்தபோது 28 கிலோ. 180ஆம் நாளில் 163 கிலோ. வளர்ச்சி 135 கிலோ, நாளொன்றுக்கு 0.75 கிலோ. இவ்வாறே கணக்கிட, 181.75 கிலோ.

தராசில் 35 கிலோ குறைவாக நின்ற கன்றே உண்மையில் நன்கு வளர்ந்த கன்று. இளந்தாய்க்குப் பால் குறைவாதலின், தாயின் வயதுக்கும் ஓர் ஈடு சேர்ப்பதுண்டு.

நாம் செய்யத்தக்கவை

1. மாடு ஒவ்வொன்றுக்கும் காது வில்லை எண்ணும், பிறந்த நாளும், தாய் தந்தை விவரமும் குறித்த ஏடு இருத்தல் வேண்டும்.

2. தராசு இல்லாத இடத்தில் நாடா போதும். முன்னங்கால்களை ஒட்டிய மார்புச் சுற்றளவையும், தோள்முனை முதல் பின்புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, நீளத்தாற் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்று 60, நீளம் 50 எனில் எடை ஏறக்குறைய 273 கிலோ.

3. கறவை மாட்டை ஒரு நாட் கறவையால் மதிப்பிடலாகாது. மாதம் ஒரு நாள் இருவேளைப் பாலையும் அளந்து, 305 நாள் கறவையைக் கணக்கிடவேண்டும். பாலின் கொழுப்பும், ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடைப்பட்ட காலமும், தீனிச் செலவும் அதே ஏட்டில் ஏறவேண்டும்.

4. பொலிகாளையை அதன் தோற்றத்தாலன்றி, பல வீடுகளில் வளரும் அதன் மகள்களின் கணக்கால் மதிப்பிடவேண்டும். இதனைத் தனி மனிதர் செய்தல் அரிது. இரண்டு மாடு வைத்திருப்பவரின் ஏடு இரண்டு மாட்டின் கதையையே சொல்லும். அங்கத்தினர் அனைவரின் ஏடுகளும் ஒருங்கு சேர்ந்தாலே காளையின் தரம் புலப்படும். கூட்டுறவின் பயன் கடன் கொடுப்பதோடும் பால் வாங்குவதோடும் முடிவதன்று.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் மாடு வாங்குவோர் எக்குணங்களைப் பார்த்து வாங்குகின்றனர்? அவற்றுள் அளக்கத்தக்கவை எவை?

2. அதிகம் கறந்தும் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஈனும் பசு, குறைவாகக் கறந்தும் ஆண்டுதோறும் ஈனும் பசு: இவற்றுள் ஆதாயம் தருவது எது? தீனிச் செலவுடன் கணக்கிட்டுக் காட்டுக.

3. நம் சங்கத்தில் கறவைக் கணக்கு எழுதும் பொறுப்பை யாரிடம், எவ்வாறு ஒப்படைக்கலாம்?