காலைச் சிற்றுண்டியும் கைகொடுக்கும் ஊழியர்களும்

கொல்கத்தாவில் பல தொடக்கப் பள்ளிகள் காலைப் பிரிவாகவே இயங்கி வருகின்றன. அதே கட்டடத்தில் பகல் நேரத்தில் உயர்நிலை வகுப்புகள் நடைபெறும். ஆதலால், சிறு குழந்தைகள் பலர் வீட்டில் அடுப்பு மூட்டப்படுமுன்பே பள்ளிக்குப் புறப்பட வேண்டியுள்ளது. பள்ளி மதிய உணவு 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமையாகிவிட்டது. காலை உணவுக்கு அத்தகைய உறுதி இல்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனைப் பரிந்துரைத்தபோதிலும், மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்டத்தில் அது இடம்பெறவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப நிறுவனங்களும் அவற்றின் ஊழியர்களும் முன்வருவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதுமா? எவ்வாறு உதவினால் அவ்வுதவி நிலைக்கும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழகம் காட்டிய வழி

1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்று வரம்பும் விதித்தது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளைச் சேர்ந்த 1,14,095 குழந்தைகளுக்கு 33.56 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அத்திட்டம் 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

வங்காளத்திலும் இதற்கு முன்னோடிச் சிந்தனை உண்டு. அமர்த்தியா சென் தம் நோபல் பரிசுத் தொகையைக் கொண்டு நிறுவிய பிரதீச்சி அறக்கட்டளை, பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று வலியுறுத்தியது. இன்று அம்மாநிலப் பள்ளிகளில் மதிய உணவைச் சமைப்போரில் பெரும்பாலோர் சுய உதவிக் குழுப் பெண்களே.

கணக்கிட்டுப் பார்ப்போம்

அறுபது குழந்தைகள் பயிலும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். தமிழகத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது அளவு. அவ்வாறெனில் நாளொன்றுக்கு 3 கிலோ தானியமும் 900 கிராம் பருப்பும் தேவை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு வகுத்துள்ள 200 வேலை நாட்களுக்கு இவை முறையே 600 கிலோ, 180 கிலோ ஆகும்.

இனிப் பணக்கணக்கு. மேற்கூறிய 33.56 கோடியைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒருவருக்கு ஏறத்தாழ 2,940 ரூபாய் வருகிறது. அறுபது பேருக்கு 1,76,400 ரூபாய். முப்பது ஊழியர்கள் மாதந்தோறும் தலைக்கு 490 ரூபாய் ஒதுக்கினால் இத்தொகை சேர்ந்துவிடும். இது 2022ஆம் ஆண்டுக் கணக்கு என்பதாலும், சிறிய அளவில் சமைக்கும்போது செலவு கூடும் என்பதாலும், தொகையைச் சற்று உயர்த்தியே திட்டமிட வேண்டும்.

இத்தொகையை மாதந்தோறும் கையில் வசூலிப்பதைவிட, வங்கிக்கு நிலையான அறிவுறுத்தல் அளித்துவிடுவது நன்று. மூன்று மாதச் செலவுக்கு நிகரான தொகையைத் தனியே இருப்பாக வைத்தல் இன்றியமையாதது. பாதியில் நின்றுபோகும் சிற்றுண்டி, தொடங்கப்படாத சிற்றுண்டியைவிடக் கொடியது. ஏனெனில், அதனை நம்பித் தாய் தன் காலை வேலையை மாற்றியமைத்திருப்பாள்.

சட்டம் கூறுவது

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135இன்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் முதலாவதாக இடம்பெறுவது பசியையும் ஊட்டச்சத்துக் குறைவையும் ஒழித்தலே. ஆனால் ஊழியர்கள் ஊதியமின்றி நல்கும் உழைப்பை ரூபாயாக மதிப்பிட்டு இச்செலவில் சேர்க்க இயலாது. ஊழியரின் நேரம் நிறுவனத்தின் பணத்துக்கு ஈடாகாது; அதற்குத் துணையாகவே அமையும்.

தனிப்பட்ட நன்கொடையாளர்கள் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு பற்றி மூன்று செய்திகளை நினைவிற்கொள்க: 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு விலக்கு இல்லை; அரிசி, பருப்பு போன்று பொருளாக அளிப்பதற்கும் இல்லை; புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை.

தன்னார்வலர் செய்யத் தக்கவை

1. கணக்கும் இருப்பும்: பொருள் வரவு, செலவு, குழந்தைகளின் வருகை ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். அலுவலகப் பயிற்சி உள்ளோர்க்கு இது எளிது; பள்ளிக்கோ பெரும் துணை.

2. கொள்முதல்: எடையையும் காலாவதி நாளையும் சரிபாருங்கள். சமைத்த உணவைப் பரிமாறுமுன் பெரியவர் ஒருவர் உண்டு பார்க்கும் வழக்கம் நாள்தோறும் தவறாமல் நடைபெறச் செய்யுங்கள்.

3. சமையல் அவ்வூர்ப் பெண்களிடமே இருக்கட்டும். நம் வருகை அவர்களின் வருவாயைப் பறித்துவிடலாகாது.

4. எல்லோரும் ஒரே நாளில் திரண்டு செல்வதைத் தவிர்த்து, வாரத்திற்கு இருவர் என முறைவைத்துக்கொள்ளுங்கள். உண்ணும் குழந்தையின் முகத்தைப் படமெடுத்து வெளியிடாதீர்கள்.

5. பணம் செலுத்துமுன், அறக்கட்டளையின் வரி விலக்குப் பதிவையும் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியெனில் சிஎஸ்ஆர்-1 பதிவெண்ணும் வேண்டும்.

லேக் மார்க்கெட் பகுதியிலும் பிற இடங்களிலும் வாழும் நம் தமிழ் வாடிக்கையாளர்கள் பலர், தத்தம் அலுவலகங்களில் இத்தகைய குழுக்களைத் தொடங்க வல்லவர்கள். முதலில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியரைச் சந்தித்து, எத்தனை குழந்தைகள் வெறும் வயிற்றோடு வருகின்றனர் என்று கேட்டறியுங்கள். அந்த எண்ணிக்கையிலிருந்தே உங்கள் திட்டம் தொடங்கட்டும்.