ஒரே ஒரு முறை புள்ளடி போட்ட மாவட்டம்

அன்பின் பெறாமகளுக்கு,

உன் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறிவிட்டது என்று அண்ணா சொன்னார். மிகவும் சந்தோசம். நீ அவரிடம் கேட்ட கேள்வியையும் சொன்னார்: மாகாண சபைக்கு நாங்கள் எப்போது வாக்குப் போடுவோம்? அதற்குச் சொல்ல என்னிடம் தேதி இல்லை. ஆனால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் மாகாண சபைத் தேர்தல் என்ன பாடு பட்டது என்பதைச் சொல்லலாம். அது தெரிந்தால் உன் கேள்வி எவ்வளவு நியாயமானது என்பது உனக்கே விளங்கும்.

முதலில் எல்லையைப் பிடித்துக்கொள். நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடங்கும். மாகாண சபைத் தேர்தலில் கிளிநொச்சி தனி. இதைக் கவனியாமல் இரண்டு தேர்தல்களின் முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். வட மாகாண சபையின் 38 ஆசனங்களில் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் ஐந்து ஐந்து, கிளிநொச்சிக்கு 4. மிச்சம் இரண்டும் மாகாணம் முழுவதிலும் கூடிய வாக்கு எடுக்கும் கட்சிக்குப் போகும் போனஸ்.

மாகாண சபை என்ற ஏற்பாடே 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் பின் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் உண்டானது. முதல் தேர்தல் 1988 நவம்பரில். அப்போது வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம். இந்திய இராணுவம் இங்கே நின்றது. புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். கிழக்கில் மக்கள் வாக்களித்தார்கள். வடக்கின் 36 ஆசனங்களும் போட்டியே இல்லாமல் ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈ.என்.டி.எல்.எப். என்ற இரண்டு கட்சிகளுக்கும் போயின. யாழ்ப்பாணத்தில் ஒரு புள்ளடிகூட விழாமல் உறுப்பினர்கள் தெரிவானார்கள். வரதராஜப்பெருமாள் முதலமைச்சரானார், 1990இல் சபை கலைந்தது. இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2007 தொடக்கம் வடக்கு தனி மாகாணமானது.

பிறகு 2013 செப்ரெம்பர் 21. யுத்தம் முடிந்து நான்கு வருடம். 2010 நாடாளுமன்றத் தேர்தலில், கிளிநொச்சியும் சேர்ந்த யாழ். தேர்தல் மாவட்டத்தின் பதிவு வாக்காளரில் கால்வாசிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. மூன்று வருடம் கழித்து வந்த இந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 64 பேர் போனார்கள். அன்று காலையில் உதயன் பத்திரிகையின் பெயரில் ஒரு போலிப் பதிப்பு ஊருக்குள் இறங்கியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசாங்கப் பக்கம் மாறிவிட்டார் என்று அதில் பொய்ச் செய்தி. சனம் ஏமாறவில்லை. அவருக்கு 87,870 விருப்பு வாக்குகள் கிடைத்தன. மாவட்டத்தில் இரண்டாம் இடம். முதலிடம் முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி.வி. விக்னேஸ்வரனுக்கு, 132,255.

விருப்பு வாக்கு எப்படி என்று கேட்பாய். முதலில் கட்சியின் சின்னத்துக்கு நேரே புள்ளடி. பிறகு அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை புள்ளடி. ஆசனம் எத்தனை என்பதைக் கட்சிக்கு விழுந்த வாக்கு தீர்மானிக்கும். அந்த ஆசனங்களில் யார் இருப்பது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும்.

அன்றைய கணக்கை நீயே போட்டுப் பார். கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு 213,907. அரசாங்கப் பக்கத்தின் வெற்றிலைக்கு 35,995. ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஆயிரமும் இல்லை. பெரிய இரண்டையும் கூட்டி 16ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்கு ஏறக்குறைய 15,600 வாக்கு வரும். வீட்டுக்கு முழுசாக 13 தடவை போகும், வெற்றிலைக்கு 2 தடவை. மிச்சமிருக்கும் ஓர் ஆசனம் கூடிய மீதி வாக்கு உள்ளவருக்கு. அது வீட்டுக்குப் போனது. ஆக 14, 2. மாகாணம் முழுவதிலும் போனசையும் சேர்த்துக் கூட்டமைப்புக்கு 30 ஆசனங்கள்.

அவ்வளவு பெரிய ஆணையை வைத்துச் செய்தது என்ன என்று உன் வயதுக்காரர் கேட்பது சரியே. காணி, பொலிஸ் அதிகாரங்கள் சட்டத்தில் எழுதியிருந்தும் கைக்கு வரவில்லை. தொடக்கத்தில் முன்னாள் இராணுவ அதிகாரி ஒருவரே ஆளுநராக இருந்து சபைக்கு மேலே நின்றார். அதை மட்டும் சொல்லித் தப்பக்கூடாது. 2017இல் முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரனுக்கு எதிராக அவருடைய அணிக்குள்ளிருந்தே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கிளம்பியது. கைதடியில் கூடிய அந்தச் சபை ஐந்து வருடத்தில் கணிசமான காலத்தை உள்வீட்டுச் சண்டையில் கழித்தது. வாக்களித்த மக்களுக்கு இழைத்த அநியாயம் அது என்றே நினைக்கிறேன்.

சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பாதி உறுப்பினர் தொகுதிவாரியாகவும் பாதி விகிதாசாரத்திலும் என்று கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. இந்த நடுவெளியில்தான் நாட்டின் ஒன்பது மாகாணங்களும் தேர்தலின்றி ஆளுநர்களின் கையில் விடப்பட்டன. நாடாளுமன்றம் மனம் வைத்தால் ஒரு சிறு திருத்தத்தால் பழைய முறையில் தேர்தலை நடத்தலாம். அதைச் செய்யாமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசாங்கங்கள் காலம் கடத்தியதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

2013இல் கூட்டமைப்புக்கு விழுந்த 84 வீதத்தை இன்றைய யாழ்ப்பாணத்தின் மனமாக எடுத்துக்கொள்ளாதே. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இங்கிருந்த ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. அதே வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழரசுக் கட்சிக்கு ஒன்றுதான். அந்த ஆறையும் கவனி. 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன, 2015இல் 7. ஆசனங்களைப் பங்கிடுவது பதிவு வாக்காளர் தொகையை வைத்து. நாட்டின் இடாப்பில் எங்கள் பங்கு குறையக் குறைய ஆசனமும் குறைந்தது.

2013இல் வாக்களிக்க வயது வராத எவருமே யாழ்ப்பாணத்தில் மாகாண சபைக்கு இன்னும் வாக்களித்ததில்லை. உன் வகுப்பில் அத்தனை பேரும் அப்படித்தான். ஆகவே இரண்டு காரியம் செய். உன் சிநேகிதிகளின் பெயர்கள் இடாப்பில் இருக்கின்றனவா என்று ஒவ்வொருவரையும் கிராம அலுவலரிடம் போய்ப் பார்க்கச் சொல். அடுத்த முறை வாக்குக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் உங்கள் படலையைத் திறந்தாலும், மாகாண சபைத் தேர்தலுக்காக நாடாளுமன்றத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முதலில் கேள்.

அன்புடன்,
சித்தப்பா