காஞ்சிப் பட்டு எடுக்கப் போகிறீர்களா?

தாம்பரத்தில் காலையில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம் போய் நிதானமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். கூட்டுறவுச் சங்கக் கடைகளை விட்டுவிடாதீர்கள்.

சில்க் மார்க் லேபிள் பட்டு அசல் என்று மட்டுமே சொல்லும். கைத்தறியா, சரிகையில் வெள்ளி உண்டா என்பதைச் சொல்லாது. புடவையைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தைத் தடவுங்கள். கோர்வைப் புடவையென்றால் இரு நிற ஊடையும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்ட தடம் விரலில் படும். நெசவாளியும் உதவியாளரும் சேர்ந்து மூன்று நாடா ஓட்டி வாங்கிய தடம் அது. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். உதிரிச் சரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும்.

கட்டிய புடவையை வியர்வை ஈரம் போக நிழலில் உலர்த்தி, மல் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் எடுத்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். பழைய மடிப்பிலேயே கிடந்தால் சரிகை அங்கேதான் முறியும்.