அன்னையின் களைப்பு

அன்னை ஸ்ரீசாரதாதேவியின் கடைசித் தம்பி அபயசரண் 1899-இல் காலமானார். மனைவியையும் பிறக்கவிருந்த குழந்தையையும் அக்காவிடமே ஒப்படைத்துச் சென்றார். 1900 ஜனவரியில் ராது பிறந்தாள். அடுத்தடுத்த மரணங்களால் தாய் சுரபாலா சித்தம் கலங்கியிருந்தமையால், குழந்தையை அன்னையே வளர்த்தார்.

அன்பு காட்டினால் பிள்ளை அடங்கி வளரும் என்பார்கள். ராது அப்படி வளரவில்லை. 1919-இல் மகப்பேற்றுக்குப் பின் உடல் நலிந்து, அபினுக்குப் பழகினாள். அன்னை அதைச் சிறுகச் சிறுகக் குறைத்து வந்தார். ஒருநாள் அவர் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது ராது அபின் கேட்டு வந்து நின்றாள். இனியும் உன்னைச் சுமக்க என்னால் ஆகாது என்னும் பொருள்பட அன்னை கடிந்துகொண்டார். கூடையிலிருந்த பெரிய கத்தரிக்காயை எடுத்து அவர் முதுகில் ஓங்கி எறிந்தாள் ராது. பட்ட இடம் வீங்கிப்போயிற்று. அவளை மன்னிக்கும்படி குருதேவரை வேண்டி, அன்னை தம் பாததூளியை அவள் தலையில் இட்டார்.

பக்தர்கள் அந்த மன்னிப்பையே பெரிதும் பேசுவர். அதற்கு முன் அன்னை தம் களைப்பை வாய்விட்டுச் சொன்னதும் கவனத்திற்குரியது. இழப்போடு வந்த குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்போருக்கும் இக்களைப்பு நேரும். அது அன்பின் குறைவன்று. தத்துக் கொடுத்தபின் இரண்டாண்டுகள், ஆறு மாதத்திற்கொருமுறை குழந்தையின் நிலையைக் கேட்டறியவும், தேவையானால் ஆலோசனை வழங்கவும் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகள் வகை செய்கின்றன. வருபவரைச் சோதனையிட வந்தவராகக் கருதி, ‘எல்லாம் நலம்’ என்று அனுப்பிவிட வேண்டியதில்லை. குழந்தை இரவில் அலறுவதையும், தாம் பொறுமையிழந்ததையும் அவரிடம் சொல்லலாம்.