மட்டாஞ்சேரியிலிருந்து சும்மா ஒரு சுற்று

சைக்கிள் எதற்கு? வேலைக்குப் போக. பால் கேன் கட்ட. ரேஷன் அரிசி கொண்டு வர. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட. கேட்டால் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். சரிதான். உழைப்பவர் வீட்டில் சைக்கிளும் ஓர் உழைப்பாளி.

ஆனால் சைக்கிளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி, மெதுவாக நாலு ஊரைப் பார்த்து வரலாம். அவசரம் இல்லை. போட்டி இல்லை. வழியில் யாராவது, "எங்கே அக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் தம்பி" என்று சொல்லலாம்.

இந்தச் "சும்மா" அவ்வளவு எளிதானது அல்ல. ஓர் ஆண் இப்படிச் சொன்னால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு பெண் சொன்னால், "சும்மாவா?" என்று மறு கேள்வி வரும்.

மட்டாஞ்சேரி கொச்சி நகரத்தின் பழைய பகுதி. எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியாவிலேயே முதலில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் எர்ணாகுளம்தான். 1990 பிப்ரவரி 4 அன்று இதை அறிவித்தார்கள். அந்த வழியில் தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அது தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டராக இருந்தார். படிப்போடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பெண்கள் அதற்காக நிற்கவில்லை. நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பார் இருந்தால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஓட்டியவர்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

எர்ணாகுளத்தில் தொடங்கிய படிப்பு புதுக்கோட்டைக்குப் போய்ச் சைக்கிள் ஏறியது. அந்தச் சைக்கிளை நாம் மறுபடி கொச்சிக்குக் கொண்டு வருவோம். ஏன் கொச்சி? அங்கே மேடு இல்லை.

சைக்கிளுக்கு மேடு ஆகாது. ரயிலுக்கும் ஆகாது. நூறு அடி ஓடினால் ஓர் அடி உயர்வது கூட ரயிலுக்குக் கடினம். ஊட்டி ரயில் விதிவிலக்கு. அது பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அதனால் ரயில் பாதை போடும்போதே மேட்டை வெட்டுவார்கள். பள்ளத்தை நிரப்புவார்கள். இங்கிலாந்தில் ரயில் நின்றுபோன பாதைகள் பல உண்டு. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அவற்றைச் சைக்கிள் பாதை ஆக்கினார்கள். பிரிஸ்டல் நகரத்துக்கும் பாத் நகரத்துக்கும் இடையில் அப்படி ஒரு பாதை இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். 1979 முதல் 1986 வரை அதை அமைத்தார்கள். லாரி, பஸ் எதுவும் அதில் வராது. கிழவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் ஓட்டுகிறார்கள்.

கொச்சியிலும் ஒரு பழைய ரயில் நிலையம் உண்டு. எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஷொர்ணூரிலிருந்து 1902இல் அங்கே ரயில் வந்தது. அதற்குப் பணம் வேண்டும் என்று கொச்சி ராஜா கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று சொல்வார்கள். பின்னால் பயணிகள் ரயில் வேறு நிலையத்துக்கு மாறிவிட்டது. பழைய நிலையத்தில் செடி கொடி மண்டியது. அங்கே சைக்கிள் பாதை இல்லை. ஆனால் கொச்சிக்குத் தெற்கே கடலுக்கும் காயலுக்கும் நடுவில் உள்ள நிலம், யாரும் வெட்டாமலே ரயில் பாதை போல மட்டமாக இருக்கிறது. காயல் என்றால் கடலோடு சேர்ந்த உப்பு நீர்ப் பரப்பு.

முதல் நாள் மாலையே சைக்கிளைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு டயரிலும் காற்று இருக்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? செயினுக்கு எண்ணெய் வேண்டுமா? சீட்டின் உயரத்தைப் பார்ப்பது முக்கியம். மிதி கீழே இருக்கும்போது கால் கொஞ்சம் மட்டும் மடங்கி இருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. வயது ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி வலி சீட்டால் வருவது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நல்லது. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் அப்போது கூட்டம் இருக்காது. மிளகும் சுக்கும் மணக்கும். அரண்மனையைத் தாண்டிப் போகலாம். இதைப் போர்ச்சுக்கீசியர்கள் 1555 வாக்கில் கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். அதனால் டச்சு அரண்மனை என்று பெயர். பக்கத்தில் 1568இல் கட்டிய யூதர்களின் தொழுகைக் கூடம் இருக்கிறது. இவற்றை இன்னொரு நாள் நடந்தே பார்க்கலாம். இன்று தெற்கே போக வேண்டும்.

தோப்பும்படி, பள்ளுருத்தி, பெரும்படப்பு. இதுவரை பஸ் ஓடும் சாலைதான். இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பெரும்படப்பில் பாலம் ஏறி இறங்கினால் கும்பளங்கி. மட்டாஞ்சேரியிலிருந்து இங்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். மெதுவாக மிதித்தால் ஒரு மணி நேரம். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். அதுதான் அளவு.

கும்பளங்கியைச் சுற்றிலும் தண்ணீர். கரையில் சீன வலைகள் நிற்கும். 2019இல் இந்த ஊரின் பெயரில் ஒரு மலையாளப் படம் வந்தது. அதன்பிறகு வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் இங்கே இறங்கி நின்று பார்க்க வேண்டியது வயல்தான்.

இந்தப் பக்கத்து நெல்லுக்குப் பொக்காளி என்று பெயர். உப்பு மண்ணிலும் வளரும் நெல் இது. ஜூனில் மழை பெய்து உப்பைக் கழுவும். அப்போது விதைப்பார்கள். பயிர் ஆள் உயரத்துக்குக் கூட வளரும். அக்டோபர், நவம்பரில் அறுவடை. கதிரை மட்டும் அறுப்பார்கள். தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு மதகைத் திறப்பார்கள். காயலின் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். அதோடு இறால் குஞ்சும் வரும். அழுகிய தாள் இறாலுக்கு இரை ஆகும். ஏப்ரல் வரை அதே வயலில் இறால் பிடிப்பார்கள். இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். கடையில் உரம் வாங்க வேண்டாம். பூச்சி மருந்து அடித்தால் இறால் செத்துவிடும். அதனால் மருந்தும் இல்லை. நெல்லும் மீனும் ஒன்றுக்கு ஒன்று சோறு போடுகின்றன.

இறாலில் பணம் அதிகம். அதனால் நெல் விதைக்காமல் ஆண்டு முழுவதும் உப்புத் தண்ணீரைத் தேக்கி வைப்பவர்களும் உண்டு. உப்பு ஏறி வீட்டுச் சுவர் அரிக்கிறது, தென்னை பட்டுப்போகிறது என்று பக்கத்தில் வசிப்பவர்கள் புகார் சொல்கிறார்கள். பஸ்ஸில் போனால் அந்த வயல் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். சைக்கிளை நிறுத்தி ஒரு டீ குடித்தால் கடைக்காரரே எல்லாம் சொல்வார்.

அடுத்து மேற்கே திரும்பினால் கண்டக்கடவு. கடவு என்றால் படகு ஏறும் துறை. இங்கே பெயர்ப் பலகைகளை நின்று படிக்கலாம். மலையாள எழுத்து தெரியாவிட்டாலும் சில எழுத்துகள் நம் எழுத்தின் உறவு போலவே இருக்கும். பக்கத்தில் புத்தன்தோடு என்று ஓர் இடம். காதில் போடும் தோடு அல்ல. மலையாளத்தில் தோடு என்றால் ஓடை. புத்தன்தோடு என்றால் புது ஓடை.

இங்கிருந்து கடற்கரைச் சாலை. வடக்கே திரும்பினால் வீட்டு வழி. தெற்கே செல்லானம். 2021 மே மாதம் டவுதே புயல் வந்தபோது செல்லானத்தில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. பிறகு நான்கு கால் உள்ள கான்கிரீட் கட்டிகளை அடுக்கிச் சுவர் கட்டினார்கள். முதல் கட்டமாகச் செல்லானத்திலிருந்து புத்தன்தோடு வரை ஏழு கிலோமீட்டருக்கு மேல் கட்டினார்கள். சுவர் வராத வடக்குப் பகுதி மக்கள் தங்களுக்கும் வேண்டும் என்று போராடினார்கள். சைக்கிளில் போகிறவருக்கு அந்தச் சுவர் முடியும் இடம் கண்ணில் படும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த வழியில் போக வேண்டாம். மழையும் அலையும் கடுமையாக இருக்கும்.

மட்டமான நிலத்தில் காற்றுதான் மேடு. முற்பகல் தாண்டினால் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். அப்போது மிதி கனக்கும். பத்து மணிக்குள் கண்ணமாலியைத் தாண்டிவிட்டால் சிரமம் இல்லை. அங்கே மார்ச் 19இல் சூசையப்பர் திருநாள். வருகிறவர் எல்லோருக்கும் சோறு போடுவார்கள். அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடியும்.

கடைசியில் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடம். அங்கே தமிழ்ச் சலவைத் தொழிலாளர்களின் தோபிகானா இருக்கிறது. ராணுவத்தாரின் துணி துவைக்க இவர்களுடைய முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். இன்றுள்ள துவைக்கும் தொட்டிகளை 1976இல் கட்டிக் கொடுத்தார்கள். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கி, முறுக்கின் நடுவே துணியைச் செருகுகிறார்கள். எவ்வளவு காற்று அடித்தாலும் விழாது. தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும்.

மொத்தம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். வெளியிலிருந்து மட்டாஞ்சேரி பக்கம்தான். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பயிற்சி

உங்கள் ஊரிலிருந்து மேடு இல்லாத ஒரு வழியை யோசியுங்கள். வழியில் வரும் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். அந்த வழியில் உங்கள் வீட்டுப் பெண்கள் சும்மா சைக்கிளில் போய் வருவார்களா? இல்லை என்றால், யார் என்ன சொல்வார்கள்? வகுப்பில் பேசுங்கள்.